பாப்பாக்கு கேழ்வரகு பிடிக்காது

என் பொண்ணுக்கு கேழ்வரகு கூழ் பிடிக்காதுன்னு எனக்கு தெரிய வந்தப்போ அவளுக்கு மூணு வயசு நாலு மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டரை வருஷமா தினமும் காலைல அதைத்தான் ஊட்டிட்டு இருந்தேன். எங்க அத்தை பெரம்பூர் மார்க்கெட்ல பார்த்து பார்த்து வாங்கிட்டு வந்து, ஊற வெச்சு, முளைகட்டி, மொட்டை மாடில காய வெச்சு, அரைச்சு, வெள்ளை துணில சலிச்சு குடுக்கற மாவு. எலும்புக்கு பலம், வெயிட் ஏறும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஊட்டினேன். அவ வாயை இறுக்கிப்பா, தலையை திருப்பிப்பா, உடம்பையே வில்லு மாதிரி பின்னாடி வளைப்பா. இந்த மாதிரி குழந்தைகளுக்கு தசை அப்படித்தான் இறுகும்னு தெரபில சொல்லியிருந்தாங்க, அதனால நான் அதை நோயோட சேர்த்து வெச்சுட்டேன். ஒரு கையால தாடையை பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஊட்டுவேன். அவ என்கிட்ட வேணாம்னு சொல்லிட்டு இருந்தா. ரெண்டரை வருஷமா தினமும் சொல்லிட்டு இருந்தா.

பாப்பாக்கு இப்போ நாலே முக்கால் வயசு. செரிப்ரல் பால்சி, அதாவது மூளைல ஏற்பட்ட பாதிப்பால தசையும் அசைவும் கட்டுப்பாட்டுல இல்லாத நிலை, அதோட பேச்சு, புரிதல், நடை எல்லாத்துலயும் வளர்ச்சி தாமதம். நிறைமாசத்துல தான் பொறந்தா, ஆனா பொறந்ததும் அழல. அந்த ரூம்ல யாரும் பேசாம ஓடினதும், யாரோ ஒருத்தர் அம்மா நீங்க கண்ணை மூடிக்கோங்கன்னு சொன்னதும் தான் ஞாபகம் இருக்கு. 11 நாள் என்ஐசியூ, பச்சைக் குழந்தைங்களுக்கான ஐசியூ. வீட்டுக்கு வந்தப்போ லட்டு மாதிரி இருந்தா, பார்க்கறவங்க எல்லாம் கண்ணு பட்டுடும் சுத்தி போடுன்னு சொன்னாங்க.

நாலு மாசம் முடிஞ்சும் தலை நிக்கல. தூக்கினா கழுத்து பின்னாடி சாஞ்சிடும். அப்போ ஆரம்பிச்சுது ஒரு வார்த்தை, இன்னைக்கும் அதை கேட்டா எனக்கு வயித்துல ஏதோ பண்ணும். பொறும்மா. பொறு, தானா நிக்கும். பொறு, இவ அப்பனே ஒன்றரை வயசுல தான் நடந்தான். பொறு, எங்க சின்ன மாமியார் பேத்தி நாலு வயசு வரைக்கும் ஊமை மாதிரி இருந்தா, இப்போ வாயை மூட மாட்டேங்குறா. வசம்பு உரசி நாக்குல தடவு, அதுக்கு பேரே பிள்ளை வளர்ப்பான், தடவு, பொறுத்துக்கோன்னாங்க. (தடவாதீங்க. அது குழந்தை உடம்புக்கு நல்லது இல்லன்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினோம்.) சரி சொந்தக்காரங்க தான் சொல்றாங்கன்னா, வீட்டுக்கு பக்கத்துல நாங்க காட்டின டாக்டரும், கொஞ்சம் ஸ்லோவா இருக்கா, ஒரு வயசு வரைக்கும் பார்ப்போமேன்னாரு. பொறந்ததும் அழாத குழந்தைன்னு அவர்கிட்ட சொன்னேன், ஃபைலும் காட்டினேன். என்ஐசியூல இருந்த குழந்தைக்கு தலை நிக்கலன்னா அன்னைக்கே தெரபிக்கு அனுப்பி இருக்கணும்னு எனக்கு அப்போ தெரியாது.

ஏழாவது மாசம் ஒரு நாள் தூங்கி எழுந்ததும் திடீர்னு தலை முன்னாடி சாஞ்சு ரெண்டு கையும் தூக்கி வாரி போட்டுச்சு. ஒரு செகண்ட் தான். சத்தம் கேட்டு பயந்துட்டான்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல மறுபடி. மறுபடி. வரிசையா பத்து பன்னெண்டு தடவை வந்துட்டு நின்னு போச்சு, அப்புறம் அழுதா. ரெண்டு நாள் இதையும் பொறுத்தேன். மூணாவது நாள் என் வீட்டுக்காரர் தான் போன்ல வீடியோ எடுத்து எழும்பூர்ல இருக்கற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகலாம் கிளம்புன்னாரு. வீடியோவை பார்த்த உடனே அங்க இருந்த டாக்டரம்மா எங்களை உட்கார சொல்லல, நேரா அட்மிஷன். அது ஃபிட்ஸ். இன்ஃபன்டைல் ஸ்பாசம்னு பேரு. ஃபிட்ஸுன்னா கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில நுரை வரும்னு தானே நமக்கு தெரியும், இது வெறும் உதறல் மாதிரி இருக்கும், அதுவும் தூங்கி எழும்போது கொத்து கொத்தா வரும். எவ்ளோ சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது. இதை படிக்கற யாராவது வீட்ல கைக்குழந்தை இப்படி பண்ணினா தயவு செஞ்சு வீடியோ எடுங்க, அன்னைக்கே போங்க. மூளை மின்னலையை பார்க்கற ஈஈஜி எடுத்தாங்க, ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, குழந்தை முகம் உப்பி போச்சு, ஆனா உதறல் நின்னுச்சு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் அந்த வாரம் தான் வந்துச்சு.

அந்த வாரத்துக்கு அப்புறம் எனக்கு பொறுமைங்கற வார்த்தையே ஆகாம போச்சு. நான் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடினேன். காலைல பிசியோ, மத்தியானம் ஓ.டி. (அன்றாட வேலை பழக்கற ஆக்குபேஷனல் தெரபி), வாரத்துல மூணு நாள் ஸ்பீச். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, குழந்தையை இடுப்புல, பையை தோள்ல, ஒரு கையில கை கால் வளையாம பிடிச்சு வெக்கற ஸ்ப்ளிண்ட். ஆட்டோல உட்கார்ந்துக்கிட்டே அவ காலை நீட்டி விடுவேன். குளிக்க வெக்கும்போது எக்சர்சைஸ், ஊட்டும்போது எக்சர்சைஸ். இழந்த மாசத்தை எல்லாம் திரும்ப பிடிச்சுடலாம்னு. அந்த சமயத்துல ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் நம்பர் குடுத்தாரு, பல லட்சம் கேட்டாங்க. என் வீட்டுக்காரர் ஊர்ல இருக்கற நிலத்தை வித்துடலாமான்னு கூட பேசினாரு. 2017-ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், போட்ட வழிகாட்டுதல்ல சில ரத்த நோய்களை தவிர வேற எதுக்கும் அதை அங்கீகரிச்ச சிகிச்சையா சொல்லலன்னு பிசியோ தெரபிஸ்ட் பொறுமையா எடுத்து சொன்னாங்க, நிலம் தப்பிச்சுது. எங்களை மாதிரி அவசரத்துல இருக்கறவங்களை தேடி வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

இந்த ஓட்டத்துக்கு நடுவுல தான் புதுசா ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தாங்க. சின்ன பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். முதல் நாள் அவங்க பாப்பாவை தொடவே இல்ல. நான் ஊட்டறதை உட்கார்ந்து பார்த்தாங்க. முடிச்சதும் என்கிட்ட, அக்கா, நீங்க பாப்பாகிட்ட ஒரு நிமிஷத்துல எத்தனை கேள்வி கேட்டீங்க தெரியுமான்னாங்க. எனக்கு தெரியல. இன்னொரு வாய் வேணுமா, நல்லா இருக்கா, சூடா இருக்கா, போதுமா, அம்மா பாரு, காக்கா பாரு. கேட்டு முடிக்கறதுக்குள்ள நானே பதிலும் சொல்லிட்டு அடுத்த ஸ்பூனை வெச்சுட்டு இருந்தேன். அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு தான். கேளுங்க, கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அந்த பத்து முடியற வரைக்கும் வாயை திறக்காதீங்க, ஸ்பூனை நகத்தாதீங்க, அவ முகத்தை மட்டும் பாருங்க.

அவளுக்கு கேள்வி காதுல விழுந்து, புரிஞ்சு, பதில் என்னன்னு முடிவு பண்ணி, அந்த பதிலை கண்ணுக்கோ உதட்டுக்கோ கழுத்துக்கோ அனுப்பி, அந்த தசை சொன்ன பேச்சை கேட்கறதுக்கு அவ்ளோ நேரம் ஆகும். நாம அவசரப்படுத்தினா உடம்பு இன்னும் இறுகிடும், வர்ற பதிலும் வராது.

பத்து எண்ணறது எவ்ளோ கஷ்டம்னு எண்ணி பார்த்தா தான் தெரியும். நம்ம வீடுங்க பத்து செகண்ட் அமைதியா இருக்கற வீடா? குக்கர் விசில், கீழ தண்ணி லாரி ஹாரன், டிவி, பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல்ல இருந்து என்ன சமையல்னு. மூணு எண்ணறதுக்குள்ள எனக்கு கை பரபரக்கும். ஐஞ்சுல அத்தை வந்து, என்னம்மா குழந்தையை பட்டினி போட்டு வேடிக்கை பார்க்கறியான்னு கேட்பாங்க.

முதல்ல உட்கார வெக்கற விதத்தை மாத்தினோம். அதுவரைக்கும் மடியில சாய்ச்சு தான் ஊட்டுவேன், தலை பின்னாடி போயிடும், அடிக்கடி புரை ஏறும், வருஷத்துக்கு ரெண்டு தடவை நெஞ்சு சளின்னு ஆஸ்பத்திரில இருப்போம். எங்க தெரு முனைல இருக்கற கார்பென்டர் அண்ணன்கிட்ட தெரபிஸ்ட் குடுத்த அளவை காட்டி பிளைவுட்ல ஒரு கார்னர் சேர் செய்ய சொன்னோம், இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் நேர் மடிப்பா இருக்கணும், பாதம் தொங்கக்கூடாது, முன்னாடி ஒரு ட்ரே. அவர் பாப்பாவை வந்து பார்த்துட்டு போய் ஓரம் எல்லாம் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, கை படற இடத்துல ஸ்பாஞ்சு ஒட்டி எடுத்துட்டு வந்தாரு. மரத்துக்கு மட்டும் தான் காசு வாங்கினாரு. அதுல உட்கார்ந்த அன்னைக்கு தான் என் பொண்ணு முகத்தை நேருக்கு நேரா பார்த்து ஊட்டினேன். ஸ்பூன் மேல இருந்து வரக்கூடாது, மேல இருந்து வந்தா அவ தலையை தூக்குவா, தூக்கினா புரை. நெஞ்சு மட்டத்துல இருந்து நேரா கொண்டு போகணும், குழி இல்லாத தட்டையான ஸ்பூன், நாக்கு நடுவுல வெச்சு லேசா ஒரு அழுத்து, அப்புறம் அவ உதடு தானா மூடற வரைக்கும் விடணும். நான் அதுவரைக்கும் ஸ்பூனை மேல் பல்லுல வழிச்சு எடுத்துட்டு இருந்தேன். உதட்டுக்கு வேலையே குடுக்கல. தண்ணியை விட கெட்டியா இருக்கறது தான் அவளுக்கு பத்திரம்னும் அப்போ தான் தெரிஞ்சுது.

அப்புறம் ரெண்டு கிண்ணம். இடது கைல கேழ்வரகு கூழ், வலது கைல பால் விட்டு மசிச்ச இட்லி. ரெண்டையும் அவ தோள் அகலத்துக்கு தள்ளி பிடிச்சு, எது வேணும் பாப்பான்னு கேட்டுட்டு எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஜன்னலை பார்த்தா. நாலு, அஞ்சு. ஃபேனை பார்த்தா. ஆறுல கண்ணு கீழ இறங்குச்சு. ஏழுல கூழை பார்த்தா, உதடு ஒட்டி கோடு மாதிரி ஆச்சு. எட்டுல கண்ணு மெதுவா, அவ்ளோ மெதுவா, இட்லி பக்கம் வந்துச்சு. வந்து நின்னுச்சு. வாய் திறந்துச்சு.

கையை மாத்தி பிடிச்சேன், தற்செயலா இருக்கும்னு. மறுபடியும் இட்லி. மறுநாளும் இட்லி. அதுக்கடுத்த நாள் நான் கிச்சன்ல நின்னு அழுதுட்டு இருந்தேன். தாடையை பிடிச்சு ஊட்டின ஒவ்வொரு நாளும் கண் முன்னாடி வந்துச்சு. அத்தை வந்து ஒண்ணும் பேசாம மாவு டப்பாவை எடுத்து மேல் ஷெல்ஃப்ல வெச்சாங்க.

அன்னைல இருந்து வீட்ல ஒரு சட்டம். பாப்பாவை கேட்டா பத்து. எங்க பெரியவனுக்கு ஒன்பது வயசு, தங்கச்சிக்காக பதில் சொல்றதுல அவன் தான் முதல் ஆளு, அம்மா அவளுக்கு பால் வேணுமாம், அம்மா அவளுக்கு தூக்கம் வருதாம்னு. அவனுக்கு கண்ணாமூச்சி எண்ணற மாதிரி எண்ணுடான்னு சொன்னேன். கண்ணை பொத்திக்கிட்டு சத்தமா எண்ணுவான், பத்து வந்ததும் விரலை விலக்கி அவளை பார்ப்பான். அவளுக்கு அது விளையாட்டா போயி, இப்போ அவன் எட்டு எண்ணும்போதே சிரிக்க ஆரம்பிச்சிடுவா. மேல பார்த்தா ஆமா, உதட்டை இறுக்கினா வேணாம். அட்டைல எங்க வீட்டு டம்ளர், எங்க வீட்டு ஊஞ்சல், ஆயா, அண்ணன் எல்லாரையும் போட்டோ எடுத்து ஒட்டி வெச்சிருக்கோம். படத்தை காட்டி பழக்கினா பேச்சே வராம போயிடுமோன்னு எனக்கு பயம் இருந்துச்சு, அப்படி எதுவும் இல்ல, பேச்சுக்கு அது தடை இல்லன்னு தெரபிஸ்ட் தெளிவா சொன்னாங்க. அடுத்து டேப்ல அவாஸ் ஆப், படத்தை தொட்டா அதுவே பேசற ஆப், பழக்கணும்னு இருக்காங்க. இந்த மாதிரி குழந்தைகளுக்காக நம்ம சென்னைல உருவானது தான் அது, தமிழ்லயும் இருக்கு. எந்த பட்டனை முதல்ல வைக்கறதுன்னு கேட்டாங்க. வேணாம்ங்கற பட்டன்னு சொன்னேன்.

வெளிய தான் யாருக்கும் பத்து எண்ண நேரம் இல்ல. மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டுக்கு போன இடத்துல, பேரை சொல்லல, காலைல ஏழு மணிக்கு போயி ஒன்றரை மணிக்கு எங்க முறை வந்துச்சு. இது பேசுமான்னு என்னை பார்த்து கேட்டாரு. குழந்தை அவர் முன்னாடி தான் இருந்தா, அவர் கழுத்துல தொங்கின ஐடி கார்டையே பார்த்துட்டு இருந்தா. நான் பதில் சொல்றதுக்குள்ள எழுதிட்டாரு. ஆனாலும் அந்த மாற்றுத்திறனாளி கார்டை வாங்கிடுங்க, கோவத்துல விட்டுடாதீங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா தான் முக்கால்வாசி உதவி எல்லாம். மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு தொகைக்கு நாங்க எழுதி குடுத்திருக்கோம். சாதா டவுன் பஸ்ல அவளோட வர்ற துணைக்கும் டிக்கெட் கிடையாது, பொம்பளைங்களுக்கு எப்படியும் ஃப்ரீ தான்னாலும் அவரு கூட்டிட்டு போற நாள்ல அது உதவுது. இந்த மாதிரி குழந்தைகளுக்கான மத்திய அரசோட நிராமயா இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் சேர்த்து, கவர் இருக்குன்னு நிறைய பேருக்கு தெரியல. முட்டுக்காட்டுல மத்திய அரசோட பெரிய நிறுவனம் இருக்கு, பல குறைபாடு சேர்ந்து இருக்கற குழந்தைகளுக்குன்னே 2005-ல ஆரம்பிச்சது, எங்களுக்கு பெரம்பூர்ல இருந்து ஊர் கோடி, அந்த பக்கம் இருக்கறவங்க போய் பாருங்க. கோட்டூர்புரத்துல இந்த மாதிரி குழந்தைகளுக்கான வித்யாசாகர் அமைப்பு 1985-ல இருந்து இருக்கு.

ஸ்கூல் கதை சுருக்கமா. மூணு இடத்துல கேட்டேன், மூணு இடத்துலயும் சிரிச்ச முகமா, எங்ககிட்ட அதுக்கான வசதி இல்லைங்க மேடம்னாங்க. 6 வயசுல இருந்து 18 வரைக்கும் இலவசமா படிக்க இவளுக்கு சட்டப்படி உரிமை இருக்கு, ஆறு ஆகட்டும், பேப்பரோட போறேன். இப்போதைக்கு தெருவுல இருக்கற அங்கன்வாடிக்கு தினமும் ரெண்டு மணி நேரம் போறா, கார்பென்டர் அண்ணன் செஞ்ச சேரோட. டீச்சரும் ஆயாம்மாவும் கொண்டு வந்து விடுங்க பார்த்துக்கலாம்னு சொன்னதோட சரி, வேற கேள்வியே கேட்கல. அங்க ஒரு சின்ன பையன், மூணு வயசு இருக்கும், யாரும் சொல்லி குடுக்காமலே அவ ட்ரேல ஒரு பந்தை வெச்சிட்டு எதிர்ல குத்துக்கால் போட்டு உட்கார்ந்துக்கறான். அவ கை மெதுவா வந்து பந்தை தட்டற வரைக்கும். பத்து என்ன, அவன் ஐம்பது வரைக்கும் கூட உட்காருவான். அவனுக்கு வேற வேலை இல்ல, அவ்ளோ தான்.

மெரினால மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை போட்டிருக்காங்களே, 2022 நவம்பர்ல திறந்து அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அடிச்சுட்டு போயி திரும்ப சரி பண்ணாங்க, அதுல போன மாசம் கூட்டிட்டு போனோம். அதுக்கு முன்னாடி கடல்னா அவளுக்கு ரோட்டுல இருந்து தெரியற ஒரு நீல கோடு தான். பாதை முடியற இடத்துல நிறுத்தி, தண்ணில கால் வைக்கலாமான்னு கேட்டேன். எண்ணிட்டு இருக்கும்போதே அலை வந்து போகுது, வந்து போகுது, அவரு என்னை பார்க்கறாரு, நான் அவளை பார்க்கறேன். பத்துக்கும் மேல போச்சு. மேல பார்த்தா. அவரு தூக்கிட்டு ஓடினாரு. எனக்கு செருப்பை கழட்ட கூட தோணல.

அத்தையை பத்தி ஒண்ணு சொல்லணும். பொறும்மான்னு முதல்ல சொன்னது அவங்க தான், ரொம்ப நாள் எனக்கு அவங்க மேல கோவம் இருந்துச்சு. அவங்களும் பயத்துல தான் சொல்லியிருக்காங்கன்னு இப்போ தோணுது, நானும் அந்த வார்த்தையை பிடிச்சுக்க ஆசைப்பட்டேன் இல்லையா.

போன வாரம் என் கொழுந்தனார் பையனுக்கு திருத்தணில மொட்டை போட்டு காது குத்தினாங்க. பந்தி நடந்துட்டு இருக்கு, பாப்பாவை அத்தை மடியில வெச்சுட்டு நான் இலை போட போயிட்டேன். எங்க சொந்தத்துல ஒரு சித்தி வந்து ரெண்டு கையையும் நீட்டி, என்ன ராஜாத்தி, இந்த ஆயாகிட்ட வர்றியான்னு கேட்டுட்டே அக்குள்ல கை போட்டு தூக்க போயிட்டாங்க. அத்தை அவங்க கையை பிடிச்சு நிறுத்தினாங்க.

"இரு. கேட்ட இல்ல, பதில் சொல்லட்டும்."

"இதுக்கு என்னக்கா தெரிய போவுது..."

"இரு சொல்றேன்."

அந்த சித்தி கையை நீட்டினபடியே நின்னாங்க. சாம்பார் வாளி வெச்சிட்டு இருந்த பையனும் நின்னான். அத்தை உதடு மட்டும் அசையுது, எனக்கு தெரியும் என்ன எண்ணறாங்கன்னு. பாப்பா அந்த சித்தி முகத்தை பார்த்தா, மூக்குத்தியை பார்த்தா, திரும்பி அத்தை கழுத்து பக்கம் முகத்தை புதைச்சுக்கிட்டு உதட்டை இறுக்கிட்டா.

"வரலையாம்"னு சொன்னாங்க அத்தை. "நீ போயி சாப்பிடு."